சிப்பு மாட்டினா வண்டி பறக்குமாக்கும்!

ஏங் கண்ணு, காருக்குப் பவர் ஏத்தறேன்னு ஆன்லைன்ல என்னமோ சல்லிசா வாங்கிச் சொருகியிருக்கியாமே? ஸ்டியரிங்குக்குக் கீழ பச்சையும் சிவப்புமா மினுக்குது. மினுக்கறதெல்லாம் வேலை செய்யும்னா, தேர்நோம்பிக்குக் கட்டற சீரியல் செட்டே தேரை இழுத்துடாதா?

நீ சொருகின அந்த ஓட்டைக்கு ஓ.பி.டி.ன்னு பேரு. மெக்கானிக்கு ஸ்கேனரைச் சொருகி வண்டிக்கு என்ன கோளாறுன்னு பாக்கற எடம். எந்நேரமும் பேட்டரி கரண்டு வரும். விளக்கெரிய அது போதாதா?

உன்னோடதாட்டமே நைட்ரோ ஓ.பி.டி.2ன்னு ஒரு டப்பா. பிரான்சுல குவார்க்ஸ்லாப் கம்பெனிக்காரங்க பிரிச்சே பாத்துட்டாங்க. உள்ள ஒரு பட்டனு, ரெண்டு மூணு லைட்டு, அதை மினுக்க ஒரு சில்லு. காரோட கம்ப்யூட்டர்கிட்டப் பேசற உறுப்பே இல்ல! சொருகின பொறவு வண்டிக்குள்ள புதுசா ஒரு தகவலும் ஓடலையாம்.

‘இருநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, வண்டி பழகிக்கும்’னு அட்டையில போட்டிருப்பான். கெட்டிக்காரன்! அத்தனை தூரமும் நீ மீட்டரையே பாத்துப் பதனமா ஓட்டுவ. மைலேஜ் கூடாம என்ன செய்யும்?

இன்னொரு ரகம், சென்சார் ஒயர்ல கோக்கற ரெசிஸ்டர். உள்ள வர்ற காத்து குளுந்திருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்டப் பொய் சொல்லும். அதை நம்பிப் பெட்ரோல் கொஞ்சம் கூட ஊத்தும். புகைக்குழாய் சென்சாரு மோப்பம் புடிச்சதும் பழையபடி கொறச்சுக்கும். அம்புட்டுத்தான் பவரு.

நீ பொறக்கறதுக்கு முன்னாடி, 1996ல, ராமர் பிள்ளைன்னு ஒருத்தரு மூலிகையில பெட்ரோல் எடுக்கறேன்னு காட்டினப்ப படிச்சவங்களே வாயப் பொளந்தாங்க. 2016ல சென்னைக் கோர்ட்டு அது மோசடின்னு மூணு வருசம் தண்டனை போட்டுது. நோகாம நோம்பி கும்பிட ஆசப்படற ஆளு இருக்கற வரைக்கும் விக்கறவனுக்கு என்ன கொறை?

நெசமாவே காரோட கம்ப்யூட்டர்ல புரோகிராமை மாத்தி பவர் ஏத்தற ஆளுங்களும் உண்டு, இல்லேங்கல. டர்போ டீசல் வண்டின்னா நல்லாவே தெரியும். ஆனா அதுக்குக் காசு ஆயிரக்கணக்குல. வாரண்டிக்காரன் கையை விரிச்சுடுவான். சட்டம் ஒத்துக்காத மாத்தம்னா மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ இருக்கு: மாத்தம் ஒண்ணுக்கு 5,000 ரூவா, இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள. நம்ம கேரளத்து மோட்டார் வாகனத் துறை லேசுல விடற கூட்டமா?

கொல்லங்கோட்டுல இருந்து நெல்லியாம்பதி ஏற இத்தனை ரோதனை எதுக்குடா? ரெண்டாவது கியரைப் போடு, ஏசிய அணை. ஏர் ஃபில்டரைக் கழட்டித் தூசி தட்டு. டயருக்கு எத்தனை காத்துன்னு டிரைவர் கதவைத் தொறந்தா ஸ்டிக்கர்ல போட்டிருக்கு. மொதல்ல போயி அதைப் படி, போ.