ராசேந்திரன் இன்னும் பொறக்கலடா தம்பி

என்னா தம்பி, மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிருக்க? ஓ, பொன்னியின் செல்வனா! மொத பாகம் 2022 செப்டம்பர் 30-ல வந்துச்சு. ரெண்டாவது 2023 ஏப்ரல் 28-ல. இன்னுமா உங்க வாட்ஸ்அப் குழுவுல பஞ்சாயத்து முடியல?

கல்கி கதைய மணிரத்னம் கெடுத்துட்டாருன்னு ஒரு கட்சி. கரை சேத்துட்டாருன்னு இன்னொரு கட்சி. நீ எந்தக் கட்சி? கெடுத்துட்டாருங்கிற கட்சியா? நல்லது. புத்தகம் அஞ்சு பாகமாச்சே, நீ எத்தனை படிச்ச? என்னது, யூடியூப்ல பத்து நிமிச விளக்கம் பாத்தியா? அடி சக்கை! எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குடா காயுது?

அது கெடக்கட்டும். மாலுக்குப் படம் பாக்கப் போனப்ப ஒரு சட்டை போட்டிருந்தியே, புலி உறும, நெஞ்சுல ‘கடாரம் கொண்டான்’னு கொட்டை எழுத்துல. கடாரத்தைக் கொண்டது யாரு? ராசேந்திரன். கடாரம்ங்கிற நம்ம கெடா பக்கம் அவன் கப்பல்படை வந்தது 1025 வாக்குல. படத்துல ஜெயம் ரவி வர்றாரே, அருள்மொழி, அவருதான் ராசேந்திரனுக்கு அப்பன். அவரு ராசராசனாப் பட்டம் ஏறுனதே 985-ல. கதை அதுக்கும் முன்னாடி நடக்குது. கதை தொடங்குறப்ப அருள்மொழிக்குக் கல்யாணமே ஆகல! பொறக்காத புள்ளைக்குப் பேரு வச்ச ஆளுங்களப் பாத்திருக்கேன். சட்டை போட்டுக்கிட்டு ஊர்வலம் போனவன் நீ ஒருத்தன்தான்.

“நாம சோழப் பரம்பரை தாத்தா”ங்கிற. இருக்கட்டும் ராசா. ஆனா உன் கொள்ளுத்தாத்தன் யானை மேல வரல. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி, டெக்குல மூட்டையோட மூட்டையாப் படுத்து வந்தான். வந்த கையோட ஜாசின் பக்கம் பால்மரக் காட்டுல கங்காணி கொண்டு போயி விட்டாரு. அந்தக் காட்டுல புலி உறுமுனா பால்வாளியப் போட்டுட்டு லயத்துக்கு ஓடுன பரம்பரை நாம. புலிக்கொடிய வேணா புடிச்சுக்க. புலிய விட்டுரு.

அப்புறம் என்னா சொன்ன, வரலாற்றைத் திரிச்சுட்டாங்களா? நந்தினியச் சரியாக் காட்டலன்னு கண்ணு கலங்குனியாமே. அந்த நந்தினி கல்கியோட பேனாவுல பொறந்தவ. பூங்குழலியும் அப்பிடித்தான், ஆழ்வார்க்கடியானும் அப்பிடித்தான். வந்தியத்தேவனும் குந்தவையும் மெய்யா வாழ்ந்தவங்க, கல்வெட்டுல பேரு இருக்கு. கட்டிவிட்ட கதையில திரிக்கிறதுக்கு என்னாடா இருக்கு?

நம்ம மலாக்காவப் பாரு. மலாய்க்காரங்களோட பழைய ‘செஜாரா மெலாயு’ ஏட்டுல ராஜா சூலான்னு ஒருத்தர் வர்றாரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒக்காந்து கடலுக்கடியில எறங்கி, அங்க இருக்கிற ராசா மகளக் கட்டிக்கிறாரு. அந்த வம்சத்துலதான் மலாக்கா சுல்தான்மாரு வந்தாங்கன்னு கதை. சூலான்னா சோழன்தான்னு சொல்றவங்களும் உண்டு. பெட்டிக்குள்ள மூச்சு எப்பிடி விட்டாருன்னு யாராச்சும் சண்டைக்குப் போனாங்களா? கதைன்னா காது குடுத்துக் கேட்டாங்க. அம்புட்டுத்தான்.

கல்கி பொன்னியின் செல்வன வாரப் பத்திரிகையில 1950-லேருந்து 1954 வரைக்கும் எழுதுனாரு. மூணரை வருசம்! அப்ப நம்ம தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வீட்டுக்குத் தபால்ல புத்தகம் வரும். எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தர் லயத்து வாசல்ல சத்தமா வாசிப்பாரு. அடுத்த புத்தகம் வர்ற வரைக்கும் வந்தியத்தேவன் என்னா ஆனான்னு பால்மரத்தடியிலயே வாதம் நடக்கும். எம்ஜிஆரே 1958-ல படம் எடுக்கப்போறேன்னு அறிவிச்சாரு, முடியல. மணிரத்னம் ரெண்டு பாகத்தையும் சேத்து அஞ்சரை மணி நேரத்துல அடக்குனாரு. மூணரை வருசத்துக் கதை அஞ்சரை மணி நேரத்துல ஒக்காரணும்னா கையக் கால மடக்காம முடியுமா? உனக்கு அந்த அஞ்சரை மணி நேரமும் பொறுக்கல. நடுவுல கைப்பேசியத் தொறந்து “செம போர்”னு பதிவு போட்ட. பாத்தேன், பாத்தேன்.

எங்க தோட்டத்துத் திடல்ல படம் போடுவாங்க. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல வெள்ளைத் துணி. முன்னாடி இடம் கிராணி, கங்காணி குடும்பத்துக்கு. எடம் கிடைக்காதவன் துணிக்குப் பின்னாடி போயி ஒக்காருவான். அந்தப் பக்கம் எம்ஜிஆரு இடது கையால வாள் சொழட்டுவாரு, நம்பியாரும் இடது கையாலயே அடி வாங்குவாரு. எழுத்தெல்லாம் இடவலம் மாறி ஓடும். காசத் திருப்பிக் குடுன்னு எவனாச்சும் கேட்டானா? விடிஞ்சா பால்வெட்டுக்குப் போகணும்கிற நெனப்பே இல்லாம விசிலடிச்சான். நீ குளுகுளு அறையில, சாஞ்ச நாற்காலியில, ஒரு வேளைச் சோத்துக்கு மேல வெலை சொல்ற சோளப்பொரியக் கொறிச்சுக்கிட்டுக் குத்தம் எழுதுற!

குத்தம் சொல்லாதன்னு நான் சொல்லல தம்பி. படிச்சுட்டுச் சொல்லு. ஆதித்த கரிகாலனக் கொன்னது யாருன்னு படம் ஒரு முடிவு காட்டிருச்சு. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் கூட்டாளிங்களையும் துரோகின்னு சொல்லுது. கல்கி முடிச்ச முழுசா அவுக்காமத்தான் விட்டாரு. எது சரின்னு உன் மண்டைய வச்சு நீயே முடிவு பண்ணு. அடுத்தவன் பத்து நிமிசத்துல மென்னு துப்புனத என்னாத்துக்கு முழுங்குற?

தமிழ் வாசிக்கத் தடுமாறுதா? எழுத்துக் கூட்டிப் படி. அசிங்கம் இல்ல. ஞாயித்துக்கெழம காலையில மொத பாகத்தத் தூக்கிக்கிட்டு நம்ம தாமான் கோப்பிக்கடைக்கு வா. எனக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்துத் தெரியல, நீ சத்தமா வாசி. தோசையும் தே தாரிக்கும் என் கணக்கு. ரெண்டாவது தோசை வேணும்னா ரெண்டாவது அத்தியாயம் வாசிக்கணும், ஆமா.