நண்டலாறு தாண்டினால் லாபம்

தரங்கம்பாடியில் ஒருவர் வண்டியைக் கிழக்கே திருப்பினால் கடல் பார்க்கப் போகிறார். மேற்கே திருப்பினால் பொறையாறு கடைத்தெரு. தெற்கே திருப்பினால் மட்டும் சிக்கனம் செய்யப் புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். தெற்கே நண்டலாறு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் புதுச்சேரி அரசுக்கு உட்பட்ட காரைக்கால். மண் மாறவில்லை, காற்று மாறவில்லை, தமிழ்கூட மாறவில்லை. பெட்ரோல் மட்டும் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மலிவு.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்கள் பையைத் துழாவுவது வேறொரு திரவத்துக்காக. அந்தத் திரவத்தைத் தேடிப் போகிறவர்களும் வீட்டில் "பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அதனால் நிஜமாகவே பெட்ரோலுக்கு மட்டும் போய்வரும் என் மச்சானை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. அவர் பெண்டாட்டி உட்பட.

மச்சான் என் மனைவிக்குத் தம்பி. கணக்கில் புலி. "மாமா, டேங்க்ல அஞ்சு லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு அஞ்சு ரூபாய்னா இருபத்தஞ்சு ரூபாய் மிச்சம். சும்மா கெடைக்குதா?" சும்மா கிடைக்கவில்லைதான். பூவம் தாண்டி அவர் நம்பும் பங்க்குக்குப் போய்வர பதினாறு கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு அறுபது கொடுக்கும் என்று விற்றவர் சொன்னார், நாற்பது கொடுக்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார். ஆக, இருபத்தைந்து ரூபாயை மிச்சப்படுத்த நாற்பது ரூபாய்க்குப் பெட்ரோல். போன இடத்தில் டீ குடிக்காமல் வர முடியுமா? டீக்கு ஒரு வடை. இதை நான் ஒருநாள் பேப்பரில் எழுதிக் காட்டினேன். மச்சான் நிதானமாகப் படித்துவிட்டு, "அப்ப நீங்களும் உங்க வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க, மிச்சம் ரெண்டு மடங்காகும்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சோப்பு மாதிரிச் சாமான்களுக்கெல்லாம் நாடு முழுக்க ஒரே ஜி.எஸ்.டி. என்று ஆன பிறகும் பெட்ரோலும் டீசலும் அதற்குள் வரவில்லை. மத்திய அரசு கலால் வரி போடும், அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வாட் வரியைப் போடும். 2021 ஜூலையில் சென்னையிலேயே பெட்ரோல் நூறைத் தாண்டியது. ஆகஸ்டில் தமிழக அரசு மூன்று ரூபாய் குறைத்தது. நவம்பரில், தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, மத்திய அரசு ஐந்து ரூபாய் குறைத்தது. புதுச்சேரிக்காரர்கள் சும்மா இருக்காமல் தங்கள் பங்குக்கு இன்னும் ஏழு ரூபாய் குறைத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, பெரியவர்கள் காலில் விழுந்துவிட்டு நேரே நண்டலாறு தாண்டிப் போனார்கள். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்கிற நாளில் டேங்க் ரொப்பியாச்சா என்று கேட்டுக்கொண்டார்கள்.

மலிவைத் தேடி எல்லை தாண்டுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் ஊருக்குப் பேர் வந்ததே அப்படித்தான். டென்மார்க்கில் இருந்தவர்களுக்கு மிளகு விலை கட்டுபடியாகவில்லை. நாமே நேரில் போய் வாங்கினால் என்ன என்று 1618-ல் ஓவே ஜெட்டே தலைமையில் கப்பல் ஏறினார்கள். இலங்கை போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்கள். அங்கே காரியம் கைகூடவில்லை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் வருஷத்துக்கு 3,111 ரூபாய் வாடகை பேசி இந்தக் கடற்கரையை வாங்கிக் கோட்டை கட்டினார்கள். பிறகு ஊரிலிருந்து பணம் வரவில்லை, கப்பல் வரவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, கால் நூற்றாண்டுக்கு மேல்! கோட்டைக்காரர்கள் வாடகை கட்ட முடியாமல், வங்காளத்துக் கப்பல்களைக் கொள்ளையடித்துக் குடும்பம் நடத்தினார்கள். கடைசியில் 1845-ல் வங்காளத்தில் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டுப் போனார்கள். டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதன் அழகைப் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் போனாலே மச்சான் ஞாபகம்தான் வருகிறது.

வெளியே மச்சான் என்றால் வீட்டுக்குள் என் மனைவி. கேஸ் சிலிண்டர் அவள் இலாகா. 2023 மார்ச்சில் சென்னை விலையே 1,118 ரூபாய் 50 காசு. எங்கள் ஊர் விலை அதற்குச் சற்று மேலே. சிலிண்டர் விலையில் ஒரு விசேஷம் உண்டு. குறைவதற்கு நாள் நட்சத்திரம் பார்க்கும். 2023 ஆகஸ்டில் ரக்ஷா பந்தனை ஒட்டி 200 ரூபாய் குறைந்தது. 2024 மகளிர் தினத்தன்று 100 குறைந்தது. ஏறுவதற்கு மட்டும் ராகுகாலம் எமகண்டம் எதுவும் கிடையாது. 2025 ஏப்ரலில் ஒரு சாதாரணத் திங்கட்கிழமை அறிவித்து 50 ரூபாய் ஏற்றிவிட்டார்கள். மாடிக்குத் தூக்கிவந்து வைப்பவருக்குத் தனியாகக் கொடுப்பது எந்த அரசும் கைவைக்காத தொகை. அது எந்த நாளிலும் குறைந்ததில்லை.

சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டியபோது இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவது என்று மகளிர் சபை முடிவெடுத்தது. அடுப்பு வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டிலிருக்கும் ஈயம் பூசிய பித்தளை, அலுமினியக் குண்டான், மாமியார் கொடுத்த வெண்கலப் பானை எதையும் அது ஏறெடுத்துப் பார்க்காது என்று. அதற்கென்று தட்டையான அடி உள்ள பாத்திரங்கள் வாங்கினோம். அவை ஒரு சிலிண்டர் விலை. பிறகு வந்தது கரண்ட் பில்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 வரைக்கும் ஒரு கணக்கு. 501 ஆனால் வேறு கணக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கெல்லாம் கூடுதல் விலை. அந்த 501-ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் அழவேண்டும். உலகத்திலேயே விலை உயர்ந்த மின்சாரம் எங்கள் வீட்டு மீட்டரில் ஓடும் அந்த ஒரு யூனிட்தான் என்று நினைக்கிறேன். ரீடிங் எடுக்க வரும் வாரம் எங்கள் தெருவே விரதம் இருக்கும். ஃபேன் நிற்கும், டி.வி. நிற்கும், மோட்டார் ஓடாது. எல்லோரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கடற்காற்று எவ்வளவு ஆரோக்கியமானது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு இப்போது பரணில் இருக்கிறது. தட்டை அடிப் பாத்திரங்களில் ஊறுகாய்.

அரிசி விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அரிசி விலை பேசுவதே அவமானம். குறுவை அறுப்பு முடிந்தால் எங்கள் பெரியப்பா மகன் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவியலோடு படுத்துக் கிடப்பார். மழை வருமா, சாக்கு வருமா, ஈரப்பதம் எத்தனை என்று எத்தனையோ கவலைகளுக்குப் பிறகு, 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். கிலோ இருபத்தைந்தரை ரூபாய் என்று வையுங்கள். அந்த நெல் போய்விடும். நாங்கள் சாப்பிடும் சன்ன அரிசி கர்நாடகத்திலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ லாரியில் வருகிறது. மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குப் படிக்கத் தெரியாது. விலை மட்டும் எந்த மொழியில் போட்டிருந்தாலும் புரிகிறது, கிலோ அறுபதுக்கு மேல். டெல்டாவுக்கு அரிசி ஏற்றிவரும் லாரிக்கு டீசல் யார் போடுவார்கள்? நாங்கள்தான்.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பை போட்டுக் கட்டிய அரிசிக்கு ஐந்து சதவீத வரி என்று வந்தது. மறுநாளே கடைக்காரர் தெளிவாக இருந்தார். "25 கிலோவா, 26 கிலோவா?" 25-க்கு வரி, 26-க்கு இல்லை. ஒரு கிலோவைக் கூடச் சேர்த்ததில் அரிசி மொத்த வியாபாரமாகிவிட்டது. பல நூற்றாண்டாக மரக்கால், படி, கலம் என்று அளந்த தேசத்தில் இருபத்தாறு என்ற ஒரு எண்ணை வரிச்சட்டம் கண்டுபிடித்துக் கொடுத்தது. மூட்டையைத் தூக்கிவந்த எனக்கு அந்தக் கடைசி ஒரு கிலோ எந்தப் பக்கம் இருந்தது என்பது இடுப்பில் தெரிந்தது. தைலம் வாங்கிய செலவை வரி மிச்சத்தில் கழிக்க வேண்டும் என்று மச்சான் சொன்னார். முதல்முறையாக அவர் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது.

ரேஷன் அரிசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2011 முதல் விலையில்லா அரிசி, எங்கள் கார்டுக்கு இருபது கிலோ. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. வெளியே தக்காளி 150-ஐத் தாண்டிய 2023-இல்கூட எங்களைச் சாம்பாரோடு வாழவைத்தவை இவைதான், நன்றி மறக்கக் கூடாது. அந்தச் சாம்பாரில் தக்காளி இருந்ததா என்று கேட்காதீர்கள். ரேஷன் அரிசி இட்லிக்கு, கடை அரிசி சோற்றுக்கு. இந்தப் பாகப் பிரிவினை டெல்டாவில் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் பெரியப்பா மகன் விற்ற நெல் எங்கள் வீட்டுக்கு இட்லியாகத் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

மீன் கதை வேறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஏலத்தில் வஞ்சிரமும் வவ்வாலும் எங்கள் கண்முன்னே ஐஸ் பெட்டிக்குள் போய், வெளியூர் லாரியில் ஏறிவிடும். நாங்கள் வழியனுப்பிவிட்டு வருவோம். எங்களுக்கு மிஞ்சுவது சூடையும் காரப்பொடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாத காலத்தில் சூடைகூட வஞ்சிரம் மாதிரி நடந்துகொள்ளும்.

எங்கள் தெருவுக்குக் கூடை தூக்கிவரும் மீன்கார அக்காவிடம் ஒரு தடவை, "என்னக்கா, கடல்ல கிடக்கிற மீனுக்கு என்ன விலைவாசி? உப்புத் தண்ணிதானே குடிக்குது?" என்று கேட்டேன்.

"மீனு தண்ணி குடிக்குது தம்பி. போட்டு டீசல்ல குடிக்குது" என்றார். "கரையில பாடு இல்ல, தூரம் போவணும். கவர்மெண்டு தர்ற வரி இல்லாத டீசலு பாதியில தீந்துபோவுது. ஐஸு ஏறிப்போச்சு. வலை ஏறிப்போச்சு. அங்க எவனோ ரெண்டு நாட்டுக்காரன் அடிச்சிக்கிட்டா இங்க எங்க போட்டு நிக்குது. நீ அவனுவள கேளு, என்னைக் கேக்குறியே!" உக்ரைன் சண்டைக்கும் சூடைக் குழம்புக்கும் உள்ள தொடர்பைப் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் படித்தும் எனக்கு ஏறாதது, கூடையை இறக்கி வைப்பதற்குள் ஏறிவிட்டது.

அப்புறம் அவரே பழைய கதை சொன்னார். அவர் அம்மா காலத்தில் அறுவடை நேரத்தில் கூடையோடு உள்ளூர்க் கிராமங்களுக்குள் போவார்களாம். காசே கிடையாது. ஒரு படி மீனுக்கு இத்தனை படி நெல் என்று பேச்சு. களத்திலேயே நெல்லை அளந்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்களாம்.

என் மனைவிக்கு இதைக் கேட்டதும் பொறி தட்டிவிட்டது. "அக்கா, அப்ப நானும் அரிசி தர்றேன், மீன் குடுங்களேன்" என்று உள்ளே ஓடி, ஒரு பெரிய தூக்கு நிறைய அரிசி கொண்டுவந்தாள். வரியில்லை, டீசலில்லை, ஜி.எஸ்.டி. இல்லை. தரங்கம்பாடியின் முதல் சுதந்திர வாணிபம் எங்கள் வாசலில் ஆரம்பமாகிறது என்று நான் பூரித்துப்போனேன்.

அக்கா தூக்கில் கைவிட்டு நாலு அரிசியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு மறுபடி தூக்கிலேயே போட்டார்.

"இது எங்க வூட்லயே ரெண்டு மாசத்துது கெடக்கு யம்மா. அந்த இருவத்தாறு கிலோ மூட்டையைப் பிரிச்சிட்டியா?"