'கெட்' படுத்தும் பாடு

கேள்வி: ஆங்கிலத்தில் 'கெட்' என்ற சொல்லோடு எதை ஒட்டினாலும் பொருள் மாறுகிறதே, இது நியாயமா?
- ஒரு வாசகர், மாரண்டஹள்ளி

பதில்: உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் ஏறினால் 'கெட் ஆன்', இறங்கினால் 'கெட் ஆஃப்', டிக்கெட் இல்லாமல் போய்த் தப்பித்தால் 'கெட் அவே வித்'. குழப்பம்தான். ஆனால் நாம் மட்டும் யோக்கியமா? எழுதிவை, எழுதிக்கொள், எழுதிப் பார், எழுதித் தள்ளு, எழுதித் தொலை! தள்ளியதும் இல்லை, தொலைந்ததும் இல்லை. முன்னதில் வேகம், பின்னதில் எரிச்சல். அங்கே 'ஆன்', 'ஆஃப்' போன்ற குட்டிச்சொல் செய்வதை இங்கே துணைவினை செய்கிறது. 'தமிழில் பொருளை ஊகித்துவிடலாமே' என்பீர்கள். சரி, அப்பாவிடம் 'வாங்கிக் கட்டிக்கொண்டவன்' வாங்கியது எதை? வேட்டியையா? அகராதியில் 'வாங்கு', 'கட்டு' இரண்டையும் தனித்தனியே பார்த்த வெள்ளைக்காரர் அப்படித்தான் நினைப்பார். எனவே 'கெட்' தொடர்களைப் பட்டியல் போட்டு நெட்டுரு அடிக்காதீர்கள். முழு வாக்கியமாகவே படியுங்கள்.