ரூட்டர் வைத்தியம்

கேள்வி: விடியுமுன்னே போடி மெட்டு ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன். பக்கவாதத்தில் படுத்த அம்மா நாளெல்லாம் பேச ஆள் தேடுகிறார். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளோ செல்போனை விட்டு நிமிர்வதில்லை. என்ன செய்ய?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: வைஃபை ரூட்டரை அம்மாவின் தலைமாட்டுக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டு பாட்டிக்கு மட்டும் தெரியட்டும். மதிய மாத்திரையை எடுத்துக் கொடுத்தால்தான் சொல்வார். தினமும் மாற்றிவிடச் சொல்லுங்கள், பாட்டிக்கு ஞாபகப் பயிற்சி!

இனி விளையாட்டல்ல: 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பயிற்சி நடக்கும்போது பெரியவன் கூட நிற்கட்டும். பாட்டியைத் தூக்கி உட்கார வைக்கும் முறை அவனுக்கும் தெரிய வேண்டாமா?