வன்னிக்குக் கும்பிடு, சீமைக்கு வழக்கு

தூத்துக்குடியில் மரத்துக்குப் பெயர் கிடையாது, உத்தியோகம்தான் உண்டு. ஆட்டோ ஸ்டாண்டு மரம், டீக்கடை மரம், பைக் நிறுத்துற மரம். பிரையன்ட் நகரில் வழி கேட்டால் "மரத்தடியில திரும்புங்க" என்பார்கள். பனை மட்டும் விதிவிலக்கு. பதநீர் தருகிறது என்பதால் அலகுப்பனை, பருவப்பனை என்று ஆண் பெண்ணையே பிரித்துச் சொல்வார்கள். மற்றவை நிழல் தந்தால் போதும், ஜாதகம் எதற்கு?

எனக்கு ஜாதகம் வேண்டும். பீச் ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்டேன்.

"அண்ணாச்சி, இது என்ன மரம்?"

"நல்ல மரம்."

"பேரு?"

"எங்க அப்பா காலத்துலருந்து நிக்கி. பேரெல்லாம் கேக்கிய, ரோட்டை அகலப்படுத்தப் போறாவளா?"

நியாயமான சந்தேகம். மரத்தடியில் நோட்டோடு நிற்பவரை நம்பி யார் டீ ஆற்றுவது? அது பூவரசு. உப்புக்காற்றைச் சட்டை செய்யாது என்பதால் மீனவர் தெருக்களில் அதுதான் மூத்த குடிமகன். காலையில் மஞ்சளாகப் பூத்து, வாடும்போது சிவந்துவிடும். சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாதவர் இந்தக் கரையில் இருக்க முடியாது. ஊதியவர்களுக்கும் பெயர் மறந்துவிட்டது.

பூவரசு சுலபம். ஊரைத் தாண்டி உப்பளப் பக்கம் போனால் முள் உள்ளதெல்லாம் 'உடை'தான். அங்கே இலையைப் பார்த்துப் பயனில்லை, எல்லாம் பொடி இலை. பூவைப் பார்க்க வேண்டும். குடை விரித்தாற்போல் உச்சி தட்டையாக இருக்கும் அசல் உடைக்கு வெள்ளைப் பந்து. நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் பந்து. சீமைக்கருவேலத்துக்குப் பந்தே கிடையாது, விரல் நீளக் கதிர். பூ இல்லாத மாதத்தில் நெத்து: உடைக்குச் சுருள், கருவேலத்துக்கு மணி கோத்த மாலை, சீமைக்கு நீட்டு.

ஆட்டைக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். அது எல்லா நெத்தையும் தின்னும். சீமை நெத்தைத் தின்று விதையைப் புழுக்கையோடு எருவும் சேர்த்து ஊர் ஊராக நட்டுக்கொண்டு போனதே அதுதான். 1877 வாக்கில் வெள்ளைக்காரன் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்தான். மிச்ச வேலையை ஆடு பார்த்துக்கொண்டது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஆட்டுக்கு நோட்டீஸ் போகவில்லை.

கொற்கைக்குப் போனால் கதை சிக்கலாகிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. இப்போது கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஊரில் ஒரு கிழட்டு வன்னி நிற்கிறது, ஈராயிரம் வயது என்கிறார்கள். அதற்குக் கும்பிடு விழுகிறது. ஆனால் தாவரவியல் புத்தகத்தில் வன்னியும் சீமைக்கருவேலமும் வெகுகாலம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், இருவருக்கும் 'புரோசோபிஸ்' என்பதே குலப்பெயர். சித்தப்பா மகன் கோர்ட்டு வாசலில் நிற்க, பெரியப்பா மகனுக்கு மாலை. 2022-இல் அறிஞர்கள் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். குலப்பெயர் வன்னிக்கே இருந்தது. சீமைக்கருவேலம் 'நெல்டுமா' என்று தனிக்குடித்தனம் போய்விட்டது. வழக்கில் சிக்கிய உறவைக் குடும்பத்திலிருந்து ஒதுக்குவதில் விஞ்ஞானிகளும் நம்மவர்கள்தான்.

இந்த அரிய செய்தியைச் சொல்லத் தகுந்த ஆள் விளாத்திகுளம் பக்கம் கிடைத்தார். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர். மூட்டத்தில் மண் அப்பிக்கொண்டே, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நெல்டுமாவா?" என்றார். "அந்தப் பேர்ல கொடுத்தா மூடைக்கு எவ்வளவு கூடத் தருவாவ?"