போய்ப் பார்த்தவரா, படித்துப் பார்த்தவரா?

ஒரு வெளிநாட்டை நன்றாக அறிந்தவர் யார்? அதைப் பற்றிப் படித்தவரா, அங்கே வாழ்ந்தவரா? இந்த வாரம் காஞ்சிபுரம் வட்டாரத்து வாசகர்களின் கேள்விகள்.

வழிகாட்டி, சின்னக் காஞ்சிபுரம்

கே: வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கையில் தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்ததே மாடவீதியில். யாருக்கு அதிகம் தெரியும்?

ப: கல்வெட்டில் எந்த மன்னன் என்ன தானம் கொடுத்தான் என்பது அவருக்குத் தெரியும். கருடசேவை அன்று விடியற்காலையில் எங்கே நின்றால் நசுங்காமல் சேவிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது வெளியூர்க் கூட்டத்துக்குக் கை கொடுத்தது உங்கள் அறிவு. கோயில் தூணை எந்தக் காலத்தில் செதுக்கினார்கள் என்று பேத்தி கேட்டால் கை கொடுக்கப்போவது அவருடைய அறிவு. கோபப்படாமல் அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். இந்தக் கோயிலைப் பற்றி 1975-ல் விரிவான நூல் எழுதிய கே. வி. ராமன் நம்மூர்த் தொல்லியல் அறிஞர்தான். வெள்ளைக்காரர் உங்களுக்கு எடுக்கும் பாடம், அவர் நம்மவரிடம் கற்ற பாடமாகவும் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வாலாஜாபாத்

கே: ஒரு நாட்டுக்குப் போகாமலே அதன் வரலாற்றை எழுத முடியுமா?

ப: எழுதியே விட்டார்கள் ஐயா. ஜேம்ஸ் மில் 1817-ல் இந்திய வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். இந்தியாவில் கால் வைத்ததில்லை. இந்திய மொழி ஒன்றும் தெரியாது. அதைக் குறையாக நினைத்துக் கூச்சப்படவும் இல்லை. அதுவே தன் தகுதி என்று முன்னுரையில் வாதாடினார். நேரில் போனவர் ஒரு மூலையைத்தான் பார்ப்பார், வீட்டில் உட்கார்ந்திருப்பவர் நீதிபதியைப் போல எல்லாச் சாட்சியங்களையும் எடை போடலாம் என்பது அவர் கட்சி.

பாதி நியாயம் இருக்கிறது. நீதிபதி, கொலை நடந்த வீட்டில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வாயே திறக்காமல் எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத மாட்டார். மில் எழுதினார். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இந்தியாவை ஆளப் புறப்பட்ட இளைஞர்கள் ஹெய்லிபரி கல்லூரியில் அவர் நூலைப் படித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். இறங்கியதும் அவர்கள் பார்த்தது இந்தியாவை அல்ல, மில்லை.

அதே ஆசிரியர்

கே: மாக்ஸ் முல்லரும்தான் வந்ததில்லை. அவரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

ப: அவர் 1849 முதல் 1874 வரை உழைத்து ரிக் வேதத்தை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஏட்டைப் பதிப்பிக்க ஏடு வேண்டும், மொழி வேண்டும், பொறுமை வேண்டும். கப்பல் டிக்கெட் வேண்டாம். வேதம் ஓதுகிறவர் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று எழுதப் புறப்பட்டால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். எதை அறிய நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது பயணச் செலவு.

சாப்பாட்டுப் பிரியர், செவிலிமேடு

கே: லண்டன் ஓட்டலில் காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டுவிட்டு விமர்சனம் எழுதலாமா?

ப: தாராளமாக எழுதலாம். லண்டனைப் பற்றி.

கல்லூரி மாணவி, கீழம்பி

கே: ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்ததைப் பெருமையாகப் படிக்கிறோம். அவர் எழுதியதை அப்படியே நம்பலாமா?

ப: நம்பலாம், அவர் எங்கே நின்று பார்த்தார் என்பதையும் கூடவே பார்த்துக்கொண்டு. 640-ஐ ஒட்டி அவர் இங்கே வந்தார். நாளந்தாவில் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். படிப்பும் உண்டு, நடந்த காலும் உண்டு. காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள் (பௌத்த மடங்கள்), பத்தாயிரம் பிக்குகள், சுமார் எண்பது தேவர் கோயில்கள், ஏராளமான திகம்பர சமணர்கள் என்று கணக்குச் சொல்கிறார். மக்கள் துணிச்சல்காரர்கள், நேர்மையானவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று நற்சான்றும் தருகிறார். ஆனால் இங்கே ஆண்டுகொண்டிருந்த மாமல்லன் நரசிம்மவர்மனின் பெயரை அவர் சொல்லவே இல்லை! அவர் பிக்கு. மடங்களை எண்ணினார். ஒரு ஜவுளி வியாபாரி வந்திருந்தால் சந்தையை எண்ணியிருப்பார்.

இன்னொரு சுவாரசியம். காஞ்சியிலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறுவது அவர் திட்டம். அதற்குள் இலங்கையிலிருந்தே பிக்குகள் கூட்டமாக வந்து இறங்கிவிட்டார்கள். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்றார்கள். அவர் போகவில்லை. ஆனால் இலங்கைக்கும் நூலில் இடம் ஒதுக்கினார். அந்தப் பகுதியைத் திறந்தால் சிங்கத்துக்குப் பிறந்த மகன், தீவு நிறைய அரக்கிகள் என்று கதை அமர்க்களப்படுகிறது. போன ஊருக்குக் கணக்கு, போகாத ஊருக்குக் கதை. இன்று வரை பயண எழுத்தின் வழக்கம் இதுதான்.

யூடியூபர், பெரிய காஞ்சிபுரம்

கே: மூன்று நாளில் ஒரு நாடு என்று தொடர் போடுகிறேன். உங்கள் கருத்து?

ப: மூன்று நாளில் அந்த நாடு உங்களைப் புரிந்துகொண்டிருக்கும்.

தறிக்காரர், பிள்ளையார்பாளையம்

கே: ஆராய்ச்சி என்று வருகிறார்கள், கேட்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். தறிக்குழியில் காலை விடாதவருக்கு நெசவைப் பற்றி என்ன தெரியும்?

ப: கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வீசுபவரும் நீங்களும் ஒரே மூச்சில் இயங்காவிட்டால் உடலும் கரையும் சேருமிடம் பல்லிளிக்கும். மழைக்காலத்தில் பாவு எப்படி முரண்டு பிடிக்கும் என்பது எந்த ஆய்வேட்டில் இருந்தாலும் விரலுக்கு ஏறாது. அந்த அறிவு உங்களுடையது. அதில் போட்டிக்கே ஆள் இல்லை.

ஆனால் குழிக்குள்ளிருந்து தெரியாதது ஒன்று உண்டு. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, சேலை எங்கெங்கோ போகிறது. நடுவில் உங்கள் கூலியை எது அமுக்குகிறது? இதற்கு ஊர் ஊராக அலைந்து கணக்கெடுத்தவர் வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி யுவோன் ஆர்ட்டர்பர்ன் என்பவர் 1982-ல் ஒரு நூல் எழுதினார். கைக்கோளரின் வணிகத்தையும் நாட்டு அமைப்பையும் பற்றி மாட்டிசன் மைன்ஸ் 1984-ல் எழுதினார். இருவருக்கும் நாடா வீசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குறை எங்கே என்றால், இவை ஆங்கிலத்தில் அச்சாகி, பல்கலைக்கழக நூலகங்களில் உட்கார்ந்துவிட்டன. 'எங்கள் சங்கத்தில் நடந்தது இப்படி இல்லையே' என்று நீங்கள் அடித்துத் திருத்த வழியில்லை. அடுத்த முறை கேள்வியோடு வருபவரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: எழுதியதைத் தமிழில் கொண்டுவந்து படித்துக் காட்ட வேண்டும். நெய்த சேலையை விரித்துக் காட்டாமல் நீங்கள் கூலி வாங்குகிறீர்களா?

தாத்தா, ஓரிக்கை

கே: என் பேரன் பல வருஷமாக நியூஜெர்சியில் இருக்கிறான். அமெரிக்கா என்றால் அவன் சொல்வதே முடிவு என்கிறாள் என் மனைவி.

ப: பாட்டியோடு மோத எனக்குத் துணிவில்லை. ஆனால் தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அலுவலகம், தமிழ்ச் சங்கம், பட்டேல் கடை, பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயில் இந்த நான்கையும் கழித்தால் அவருக்குத் தெரிந்த அமெரிக்கா எவ்வளவு மிஞ்சும்?

வருஷக் கணக்கு மட்டும் போதாது, அங்கே யாரை நம்பிப் பிழைத்தோம் என்பதும் முக்கியம். ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660-ல் திருகோணமலைப் பக்கம் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கினார். தப்பியது 1679-ல். சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை, ஊருக்குள் விட்டுவிட்டார்கள். தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரரின் தயவு இல்லாவிட்டால் சோறு இல்லை. 1681-ல் லண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை நூலில் உழவும் அறுவடையும் ஊர்வழக்கமும் அவ்வளவு நுணுக்கமாக வந்தது அதனால்தான். பட்டம் எதுவும் இல்லாத மனிதர். உங்கள் பேரன் கைதியாக வேண்டாம். அக்கம்பக்கத்து அமெரிக்கரிடம் ஒரு தடவை கைமாற்றுக் கேட்டுப் பார்க்கட்டும். நாடு சட்டென்று புரியும்.

தமிழாசிரியை, உத்திரமேரூர்

கே: ஐம்பது வருடம் நம்மோடு வாழ்ந்த கால்டுவெல்லுமா நம்மைப் புரிந்துகொள்ளவில்லை?

ப: மொழியைப் புரிந்துகொண்டார். 1838-ல் சென்னையில் இறங்கி, திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் ஊன்றி, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கொடுத்தார். அந்த நூல் இன்றும் நம் மேசையில் இருக்கிறது. அதே மனிதர், அதே திருநெல்வேலியில் இருந்துகொண்டு, தம்மைச் சுற்றி வாழ்ந்த நாடார் மக்களைப் பற்றி 1849-ல் ஒரு நூல் எழுதினார். படித்துக் கொதித்தவர்கள் அந்த மக்களே. வினைச்சொல் விகுதியை ஆராய்ந்தபோது இலக்கணம் அவரைத் திருத்திக்கொண்டே இருந்தது. மக்களை எழுதியபோது மேடையிலிருந்து பார்த்தார். திருத்த ஒருவரையும் விடவில்லை. ஆக, அரை நூற்றாண்டு வாழ்ந்தாலும் போதாது, டீச்சர்.

கொரியத் தொடர் ரசிகை, ஸ்ரீபெரும்புதூர்

கே: நூற்றுக்கணக்கான எபிசோடு பார்த்துவிட்டேன். கொரிய மொழியில் திட்டவும் தெரியும். கொரியா எனக்குத் தெரியும்தானே?

ப: உங்கள் ஊரில் இந்தக் கேள்வி ரொம்பப் பொருத்தம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து கொரியர்கள் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். கிம்ச்சி கிடைக்கும் ஓட்டல் இருக்கிறது. தொடரில் கம்பெனி முதலாளியின் மகன் கடைசி வாரத்தில் மனம் மாறிவிடுவார். ஆனால் 2024 செப்டம்பரில் தொடங்கி, உங்கள் ஊர்ப் பக்கத்து சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரமும் சம்பள உயர்வும் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கொரியா வேறு. அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த கொரிய மேலாளருக்குத் தெரிந்த தமிழ்நாடு வேறு. தொடரைப் பாருங்கள், தப்பில்லை. அடுத்து கொரிய வரலாறு ஒன்றைப் படியுங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் அண்ணனிடம் பேசுங்கள். மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முட்டும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய கழகத் தொண்டர், காஞ்சிபுரம்

கே: எங்கள் அண்ணா ரோமாபுரிக்குப் போகாமலே 'ரோமாபுரி ராணிகள்' எழுதவில்லையா?

ப: எழுதினார். நூலகத்தில் உட்கார்ந்து உலகத்தைப் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ரோமையும் பிரான்சையும் மேடையில் அவர் பேசியபோது கேட்டவர்களுக்கு ரோமாபுரியே எதிரில் நின்றது. ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது: அவருக்கு ரோம் தேவைப்பட்டது ரோமுக்காக அல்ல, காஞ்சிபுரத்துக்காக. நம்மூர் அரசியலைச் சொல்ல அந்த ஊர் அரசர்களை வரவழைத்தார். அந்த வேலைக்குப் புத்தகம் போதும். 1968-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சப் (Chubb) ஃபெலோவாக அழைத்தபோது மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அது வேறு வகைக் கல்வி.

குறும்புக்காரர், ஐயம்பேட்டை

கே: இத்தனை பேசுகிறீர்களே, நீங்கள் எந்த நாட்டில் வாழ்ந்தீர்கள்?

ப: தமிழ்நாட்டில். பாடம் இன்னும் முடியவில்லை.

பொறியியல் மாணவர், ஏனாத்தூர்

கே: படிப்பும் போதாது, வாழ்வதும் போதாது என்கிறீர்கள். பிறகு எப்படித்தான் ஒரு நாட்டை அறிவது?

ப: தரங்கம்பாடிக்குப் போவோம். 1706-ல் அங்கே இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் படித்தார், சுவடிகள் சேர்த்தார், ஊருக்குள் வாழ்ந்தார். அத்தோடு நிற்காமல் இன்னொன்றும் செய்தார். அவரும் உடனிருந்தவர்களும் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். உங்கள் சமயம் எது, சடங்கு ஏன், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிக்குப் போய் ஹாலே நகரில் அச்சாயின. நம்மவர்கள் சும்மா விடவில்லை. ஐரோப்பியரின் குடியையும் நடத்தையையும் ஒரு பிடி பிடித்தார்கள். மொழிபெயர்த்ததும் அச்சிட்டதும் அவர்கள்தான் என்பதால் நம் குரல் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். ஆனாலும் ஐரோப்பா கேள்வி கேட்க, தமிழன் பதில் சொல்ல, அது புத்தகமாக வந்தது. இந்தப் பகுதிக்கு அதுவே முன்னோடி என்று உரிமை கொண்டாடலாமா என யோசிக்கிறேன்.

கூத்து என்னவென்றால், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி அனுப்பிய பெரிய நூலை ஹாலேயில் இருந்த மேலிடம் அச்சிட மறுத்தது. அந்தச் சமயத்தை ஒழிக்க அனுப்பினால் அதைப் பரப்புகிறாரே என்ற எரிச்சல். அந்த நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. நேரில் கண்டதையும் கேட்டதையும் நாற்காலியில் இருந்தவர் நூற்றைம்பது ஆண்டு பூட்டி வைத்தார்.

ஆகவே தம்பி, புத்தகம் வாங்குங்கள், டிக்கெட்டும் வாங்குங்கள். போன இடத்தில் உள்ளூர்க்காரர் 'அப்படி இல்லீங்க' என்று சொன்னால், அதைக் குறித்துக்கொள்ள ஒரு பேனாவும் வாங்குங்கள். மூன்றில் மலிவானது பேனா. பலரும் அதைத்தான் மறந்துவிட்டுப் போகிறார்கள்.

இல்லத்தரசி, பிள்ளையார்பாளையம்

கே: எங்கள் தெரு நெசவைப் பற்றி எழுத நாளைக்கு ஒரு வெளிநாட்டு அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறார். நான் என்ன செய்யட்டும்?

ப: காபி கொடுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஆரம்பியுங்கள்: உங்கள் ஊரில் வீட்டு வாடகை என்ன, அப்பா என்ன வேலை பார்த்தார், இந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு சம்பளம், உங்களுக்கு ஏன் எங்கள் தெருமேல் இத்தனை அக்கறை? அவரும் உட்கார்ந்து பதில் சொன்னால் நல்ல புத்தகம் எழுதுவார். ஒருவரே கேட்டுக்கொண்டு போனால் அது ஆராய்ச்சி இல்லை அம்மா, போலீஸ் விசாரணை.