அங்குலம் தப்பிய எல்லை

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. குவீன்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, வட பிராந்தியம் மூன்றும் அங்கேதான் சந்திக்கின்றன. 1880-இல் அகஸ்டஸ் போப்பல் ஒட்டகங்களோடு வந்து அளந்து நட்டார். அளந்த சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்ததாம். கம்பம் சுமார் 300 மீட்டர் மேற்கே போய் உப்பு ஏரிக்குள் இறங்கிவிட்டது. 1884-இல் லாரி வெல்ஸ் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டார். இருந்தும் அந்த முனைக்குப் போப்பல் பெயர்தான். திருத்தியவருக்கு எந்த ஊரில்தான் சிலை வைத்தார்கள்?

இன்று ஜனங்கள் மணல்மேடு மணல்மேடாக ஜீப்பில் ஏறி இறங்கி அங்கே போகிறார்கள். போய்? கம்பத்தை ஒரு சுற்று சுற்றுகிறார்கள். மூன்று நிர்வாகங்களிலும் கால் வைத்தாகிவிட்டது. எதிலும் ஒரு டீக்கடை கிடையாது.

தெற்கே கேமரன் கார்னர் பரவாயில்லை, பக்கத்திலேயே கடை இருக்கிறது. அங்கே நியூ சவுத் வேல்ஸ், தெற்கு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து என்று அரைமணி இடைவெளியில் புத்தாண்டு மூன்று முறை பிறக்கும். குடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல எல்லைத் தகராறு வாய்க்காது.